உப்பைத் தின்றவன் ஒருவன், தண்ணீர் குடிப்பவன் வேறொருவன்!

"உப்பு விற்கப் போனால் மழை பெய்கிறது, உமி விற்கப் போனால் காற்றடிக்கிறது" என்று ஒரு பழமொழி உண்டு. மரக்காணத்து மக்களுக்கு இது வெறும் பழமொழி அல்ல. ஆண்டுதோறும் நடக்கிற கதை. ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் உப்புப் பாத்திகள் எல்லாம் ஏரி போல ஆகிவிடும். தை பிறந்து தண்ணீர் வடிந்து, பாத்தியை மறுபடி மிதித்துச் சரிசெய்யும் வரை உப்பு இல்லை, வேலை இல்லை, கூலியும் இல்லை.

விழுப்புரம் மாவட்டத்துக் கடலோரத்தில் ஏறத்தாழ 3,000 ஏக்கர் பரப்பில் இந்த உப்பளங்கள் இருக்கின்றன. கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்குப் போகிறவர்கள் வண்டியை ஓரம் கட்டி, வெள்ளை வெளேர் என்று குவிந்து கிடக்கும் அம்பாரங்களைப் படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். வெயில் ஏறுவதற்குள் உப்பை வாரி முடிக்க வேண்டும் என்று விடியற்காலை இருட்டிலேயே பாத்தியில் இறங்கிய கால்கள் அந்தப் படத்தில் தெரிவதில்லை. அந்த உப்பு என்ன விலைக்குப் போனது என்பதும் தெரிவதில்லை.

இது பழைய தொழில். சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம்தான் என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். சங்க இலக்கியத்தில் வரும் உமணர்கள் மாட்டு வண்டியில் உப்பை ஏற்றி, உள்நாட்டு ஊர்களுக்குக் கொண்டுபோய் நெல்லுக்கு மாற்றி வந்தார்கள். வண்டி லாரியாக மாறிவிட்டது. ஆனால் விலையைச் சொல்வது மட்டும் இன்றைக்கும் பாத்தியில் நிற்பவர் அல்ல, வண்டியோடு வந்து நிற்பவர்தான். உப்பளத்தில் மூட்டைக் கணக்கில் போன சரக்கு, நகரத்துக் கடையில் பொட்டலக் கணக்கில் பல மடங்கு விலைக்கு விற்கிறது. நடுவில் எத்தனை கைகள்!

இணையக் கடை தந்த நம்பிக்கை

இந்த நடுக் கைகளை எல்லாம் இணையம் நீக்கிவிடும் என்று சொல்லப்பட்டது. 2013-இல் அமேசான் இந்தியாவில் கடை விரித்தது. அதே ஆண்டில் ஃப்ளிப்கார்ட்டும் தன் தளத்தை மற்ற விற்பனையாளர்களுக்குத் திறந்துவிட்டது. கடை வாடகை வேண்டாம், தரகர் வேண்டாம், வீட்டில் இருந்தபடியே நாடு முழுவதும் விற்கலாம் என்பதுதான் அழைப்பு. அது பொய்யான அழைப்பு என்று சொல்லிவிட முடியாது. எத்தனையோ சிறிய ஊர்களின் சரக்கு இன்று எங்கெங்கோ போய்ச் சேருகிறது.

ஓர் எடுத்துக்காட்டுக்கு, மரக்காணத்தில் உப்பளக் குடும்பத்துப் பெண் ஒருவர் இப்படி ஒரு கடை வைத்திருப்பதாக வைத்துக்கொள்ளலாம். கல்லுப்பைச் சுத்தம் செய்து, விதிப்படி அயோடின் சேர்த்து, ஒரு கிலோ பொட்டலமாகக் கட்டி விற்கிறார். கூடவே கொஞ்சம் கருவாடு. மழையில் பாத்தி மூழ்கினாலும், முன்பே வாரி வைத்த உப்பு பொட்டலமாகப் போய்க்கொண்டே இருக்கும். மழைக்கால மூன்று மாதங்களும் வருமானமே பார்க்காத ஒரு குடும்பத்துக்கு இது சின்ன விஷயமா?

ஆனால் அந்தக் கடைக்குச் சுவர் இல்லை, கதவு இல்லை, பூட்டும் இல்லை. ஒரு மின்னஞ்சல் முகவரி, ஒரு கைபேசி எண், ஒரு கடவுச்சொல். இவ்வளவுதான் கடை! இந்த மூன்றும் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் கடைக்காரர். கேள்வி இங்கேதான் ஆரம்பிக்கிறது.

சாவி யாரிடம்?

இணையத்தில் உணவுப் பொருள் விற்க வேண்டுமானால் பான் அட்டை, வங்கிக் கணக்கு, வரிப் பதிவு விவரம், உணவுப் பாதுகாப்பு ஆணையம் தரும் 14 இலக்க எண் என்று வரிசையாகக் கேட்பார்கள். பிறகு படம் எடுக்க வேண்டும், பொருளைப் பற்றி எழுத வேண்டும், திரும்பி வந்த சரக்குக்குக் கணக்குப் பார்க்க வேண்டும். விடியற்காலையில் பாத்தியில் இறங்குகிற வீட்டில் இதற்கெல்லாம் ஆள் ஏது?

ஆகவே கம்ப்யூட்டர் சென்டர் தம்பியிடம் போவார்கள். அல்லது "மாசம் இவ்வளவு குடுங்கக்கா, எல்லாத்தையும் நாங்களே பாத்துக்கறோம்" என்று ஃபோனில் பேசுகிற யாரோ ஒருவரை நம்புவார்கள். அவர் தன்னுடைய மின்னஞ்சலைப் போடுவார், தன்னுடைய கைபேசி எண்ணைப் போடுவார், கடவுச்சொல்லையும் தானே வைத்துக்கொள்வார். கடை அந்த அக்காவின் பெயரில். சாவி அவருடைய பையில்!

அவர் நல்லவராகவே இருக்கலாம். பெரும்பாலோர் நல்லவர்கள்தான். ஆனால் ஒருநாள் மாதப் பணத்தில் தகராறு வந்தால்? அவரிடம் வேலை பார்த்த பையன் கடவுச்சொல்லோடு வேறிடத்துக்குப் போய்விட்டால்? இருபது கடைகளுக்கும் ஒரே கடவுச்சொல்லை வைத்து, அதை ஒரு நோட்டில் எழுதிவைத்து, அந்த நோட்டு தொலைந்துவிட்டால்?

இது முதல் வழி, நாமே கொடுத்த சாவி. இரண்டாவது வழி, திருடிய சாவி. "தளத்திலிருந்து பேசுகிறோம், உங்கள் கணக்கு முடங்கப் போகிறது, இப்போது வந்த ஓ.டி.பி.யைச் சொல்லுங்கள்" என்று வரும் அழைப்பு. அச்சு அசலாக அதே தளம் போலவே இருக்கும் போலிப் பக்கம். மூன்றாவது வழியை யாரும் எதிர்பார்ப்பதில்லை. அது உள்ளே இருப்பவர்களே திறந்துவிடும் கதவு.

நடந்த கதைகள்

இவை கற்பனை அல்ல. 2014 மே மாதத்தில் ஈபே நிறுவனம் தன்னுடைய 14.5 கோடிப் பயனர்களையும் கடவுச்சொல்லை மாற்றச் சொன்னது. அந்நிறுவன ஊழியர்கள் சிலரின் உள்நுழைவு விவரங்களைக் கைப்பற்றியவர்கள், பயனர் விவரங்கள் இருந்த தரவுத்தளம் வரை போயிருந்தார்கள். பயனர் எவ்வளவு கவனமாக இருந்தும் என்ன பயன்?

2017-இல் அமெரிக்காவில் அமேசான் விற்பனையாளர்கள் பலர் காலையில் எழுந்து பார்த்தபோது, விற்ற பணம் வேறு யாருடைய வங்கிக் கணக்குக்கோ போயிருந்தது. வேறு தளங்களில் திருடுபோன பழைய கடவுச்சொற்களை வாங்கி, இங்கே போட்டுப் பார்த்து நுழைந்திருந்தார்கள். எல்லா இடத்திலும் ஒரே கடவுச்சொல் வைத்திருந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். நெடுநாள் விற்பனை இல்லாமல் கிடந்த கணக்குகளில் நுழைந்து, இல்லாத பொருளை மலிவு விலைக்குப் போட்டுக் காசு பார்க்க முயன்றதும் நடந்தது. மரக்காணத்துக்காரர்கள் இதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். பருவத்தை நம்பி நடக்கும் கடை சில மாதம் சும்மா கிடக்கத்தான் செய்யும்.

2018-இல் மே முதல் அக்டோபர் வரை ஏறத்தாழ 100 அமேசான் விற்பனையாளர் கணக்குகளில் நுழைந்து, வங்கி விவரத்தை மாற்றி, விற்பனைப் பணத்தையும் கடன் பணத்தையும் திருப்பிக்கொண்டு போனார்கள். அந்தப் பணம் போன கணக்குகளின் விவரம் கேட்டு அமேசானே பிரிட்டன் நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. உலகத்தின் மிகப் பெரிய கடைக்காரருக்கே இந்தப் பாடு என்றால், ஓர் உப்புக்காரர் யாரிடம் போவார்?

அடுத்தது வேலியே பயிரை மேய்ந்த கதை. 2020 செப்டம்பரில் அமெரிக்க அரசு ஆறு பேர் மீது குற்றம் சாட்டியது. அமேசான் ஊழியர்களுக்கும் ஒப்பந்த ஊழியர்களுக்கும் ஒரு லட்சம் டாலருக்கு மேல் லஞ்சம் கொடுத்து, நிறுவனத்தின் உள் தகவல்களைப் பெற்றதாகவும், முடக்கப்பட்ட கடைகளைத் திறக்க வைத்ததாகவும், போட்டிக் கடைகளை முடக்க வைத்ததாகவும் குற்றச்சாட்டு. அந்த வழக்கின் ஒரு நுனி அமெரிக்காவில் இருந்தது, இன்னொரு நுனி நம் பக்கத்து ஹைதராபாத்தில் இருந்தது! குற்றம் சாட்டப்பட்டவர்களில் சிலர் 'விற்பனையாளர் ஆலோசகர்' என்ற பெயரில் தொழில் செய்தவர்கள். அதாவது சிறு வியாபாரிகள் நம்பிப் போகிற அதே வகை ஆட்கள்.

இழப்பு யார் தலையில்?

மறுபடி அந்த உப்புக்கார அக்காவிடம் வரலாம். ஐப்பசியில், தீபாவளி விற்பனை நேரத்தில், அவர் கணக்கில் யாரோ நுழைகிறார்கள். முதலில் வங்கிக் கணக்கு எண் மாறுகிறது. அடுத்து வர வேண்டிய பணம் வேறிடத்துக்குப் போகிறது. பிறகு அவர் கடையில் அவருக்கே தெரியாத பொருள்கள் முளைக்கின்றன. காசு கட்டியவர்களுக்குச் சரக்கு போகவில்லை. புகார்கள் குவிகின்றன. தளம் விழித்துக்கொள்கிறது. விழித்ததும் என்ன செய்கிறது? கணக்கை முடக்குகிறது. திருடன் வெளியே, கடைக்காரர் கதவுக்கு வெளியே!

காசு கட்டி ஏமாந்தவர்களுக்குத் தளம் பணத்தைத் திருப்பித் தந்துவிடலாம். 2020-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள் அவர்களுக்குத் துணை நிற்கின்றன. அவர்களின் புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்று அந்த விதிகள் சொல்கின்றன. நல்ல விதி. ஆனால் அது வாங்குகிறவருக்கு. தன் கணக்கு திருடுபோன விற்பனையாளருக்கு இப்படி நாள் குறித்துச் சொல்லும் விதி அதில் இல்லை. அவரிடம் இருப்பது தளத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தம் மட்டுமே. அந்த ஒப்பந்தங்கள் பொதுவாக, "கடவுச்சொல்லைக் காப்பது உன் பொறுப்பு, உன் கணக்கில் நடப்பதற்கு எல்லாம் நீயே பொறுப்பு" என்றுதான் சொல்கின்றன.

போனது பணம் மட்டுமா? உணவுப் பாதுகாப்பு எண் அவருடையது. பான் எண் அவருடையது. நான்கு ஆண்டு உழைத்துச் சேர்த்த நட்சத்திர மதிப்பீடு அவருடையது. கடையில் போலிச் சரக்கு விற்றால் கேள்வி அவர் வீட்டு வாசலுக்குத்தான் வரும். "உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்தே ஆக வேண்டும்" என்பார்கள் பெரியவர்கள். இங்கே உப்பைத் தின்றவன் ஒருவன், தண்ணீர் குடிப்பவர் வேறொருவர். இது நியாயமா?

தூத்துக்குடி சொல்லும் பாடம்

"கடவுச்சொல்லைப் பறிகொடுத்தது அவர் தவறுதானே?" என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். இதே கேள்வியை ஒரு வங்கியும் கேட்டது. அதற்குக் கிடைத்த பதில், இன்னொரு உப்பு நகரமான தூத்துக்குடியோடு சம்பந்தப்பட்டது.

அபுதாபியில் வேலை பார்த்த ஒருவர், தூத்துக்குடி ஐசிஐசிஐ வங்கிக் கிளையில் கணக்கு வைத்திருந்தார். 2007 செப்டம்பரில் வங்கியிலிருந்து வந்தது போலவே ஒரு மின்னஞ்சல் வந்தது. அதை நம்பி விவரங்களைக் கொடுத்துவிட்டார். அவர் கணக்கிலிருந்து லட்சக்கணக்கான ரூபாய் அதே வங்கியில் இருந்த இன்னொரு கணக்குக்குப் போய்விட்டது. வாடிக்கையாளரின் கவனக்குறைவு என்றது வங்கி. ஆனால் தகவல் தொழில்நுட்பச் சட்டப்படி வழக்கை விசாரித்த தமிழக அரசின் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர் அதை ஏற்கவில்லை. போதிய பாதுகாப்பு ஏற்பாடுகளைச் செய்யத் தவறியது வங்கிதான் என்று சொல்லி, 12.85 லட்சம் ரூபாய் கொடுக்கும்படி 2010 ஏப்ரலில் உத்தரவிட்டார்.

பூட்டைச் செய்தவர், பூட்டு எளிதில் திறக்கும் என்று தெரிந்தவர், திறந்தால் எச்சரிக்கை மணி அடிக்க வைக்கக் கூடியவர், மூன்றும் வங்கிதான். சாவியை ஏமாந்து கொடுத்தவர் தவறு செய்தார் என்பதற்காக வங்கியின் கடமை மறைந்துவிடாது. அந்தத் தீர்ப்பின் சாரம் இதுதான்.

பின்னர் 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. வங்கியும் வாடிக்கையாளரும் தவறு செய்யாமல் மூன்றாம் ஆளின் கைவரிசையால் பணம் போயிருந்தால், மூன்று வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்ட வாடிக்கையாளருக்கு இழப்பு ஒரு ரூபாய்கூட இல்லை. வாடிக்கையாளரே கவனக்குறைவாக விவரத்தைக் கொடுத்திருந்தால், வங்கியிடம் தெரிவிக்கும் வரை நடந்த இழப்பு அவருடையது. தெரிவித்த பிறகு நடக்கும் இழப்பு வங்கியுடையது. வாடிக்கையாளர்தான் பொறுப்பு என்று நிரூபிக்க வேண்டியதும் வங்கியே.

எவ்வளவு நேர்த்தியான கோடு! தவறு செய்தவரை முழுக்கத் தப்பவிடவில்லை. முழுக்க மூழ்கடிக்கவும் இல்லை. உப்புக்கார அக்காவின் வங்கிக் கணக்குக்கு ஒரு நியாயம் கிடைக்கிறது. அதே பணம் வங்கிக்கு வருவதற்கு ஒரு நாள் முன்பு, தளத்தின் கணக்கில் இருக்கும்போது பறிபோனால் அந்த நியாயம் இல்லை. பணம் ஒன்றுதான், உழைப்பும் ஒன்றுதான்.

என்ன செய்ய வேண்டும்?

ரிசர்வ் வங்கி போட்ட கோட்டை மின்வணிகத் தளங்களுக்கும் நீட்ட வேண்டும். பெரிய சட்டம்கூடத் தேவையில்லை. மூன்று விதிகள் போதும்.

ஒன்று: வங்கிக் கணக்கு விவரம் மாறினால், பழைய கைபேசி எண்ணுக்கும் பழைய மின்னஞ்சலுக்கும் உடனே தகவல் போக வேண்டும். சில நாட்கள் பணம் நிறுத்தி வைக்கப்பட வேண்டும். சில தளங்கள் தாமாகவே இப்படிச் செய்கின்றன. அது தளத்தின் விருப்பமாக இல்லாமல் விதியாக வேண்டும். "இதனால் உண்மையான வியாபாரிக்கும் தாமதமாகுமே" என்றால், ஆகும்தான். ஆனால் வங்கிக் கணக்கை ஒருவர் எத்தனை முறை மாற்றப் போகிறார்? சில நாள் காத்திருப்பது பெரிதா, ஒரு மழைக்காலச் சோறு போவது பெரிதா?

இரண்டு: "என் கணக்கில் யாரோ நுழைந்துவிட்டார்கள்" என்று விற்பனையாளர் சொன்ன நிமிடம் பதிவாக வேண்டும். அதற்குப் பிறகு நடக்கும் இழப்பு தளத்துடையது. பதில் சொல்ல நாள் குறிக்க வேண்டும். பதில் சொல்வது ஒரு மனிதராக இருக்க வேண்டும், தமிழில் பேச வேண்டும்.

மூன்று: உதவியாளருக்குத் தனிச் சாவி. அமேசான் போன்ற தளங்களில், உரிமையாளரின் கடவுச்சொல்லைக் கொடுக்காமலே, இன்னொருவருக்குத் தனி உள்நுழைவு தந்து, "நீ படம் மாற்றலாம், பணப் பக்கம் போகக் கூடாது" என்று எல்லை வைக்கும் வசதி இருக்கிறது. ஆனால் அது எங்கோ ஒரு மூலையில் இருக்கிறது. கடை திறக்கும் முதல் நாளே, "வேறு யாராவது இதைப் பார்த்துக்கொள்ளப் போகிறார்களா?" என்று கேட்டு, அந்தச் சாவியைத் தளமே எடுத்துக் கொடுக்கலாமே!

விதி வரும் வரை விற்பனையாளரும் சும்மா இருக்கக் கூடாது. கணக்கில் இருக்கும் கைபேசி எண் தன் எண்ணாகவும், மின்னஞ்சல் தன் மின்னஞ்சலாகவும் இருக்க வேண்டும். கடவுச்சொல் வேறெங்கும் பயன்படுத்தாததாக இருக்க வேண்டும். ஓ.டி.பி.யை யார் கேட்டாலும் சொல்லக் கூடாது, "தம்பி நல்ல பையன்தானே" என்றாலும்! விற்பனை இல்லாத மாதங்களிலும் வாரம் ஒருமுறை உள்ளே போய் வங்கி எண்ணைப் பார்த்துவிட வேண்டும். பணம் போய்விட்டால் நேரம் கடத்தாமல் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். முதல் சில மணி நேரத்தில் சொன்னால்தான் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு அதிகம்.

சட்டமும் வெறும் காகிதம் அல்ல. பிறர் கடவுச்சொல்லை மோசடியாகப் பயன்படுத்தினால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையும், ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. தூத்துக்குடி வழக்கில் நடந்தது போல, மாநிலத் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளரிடம் 5 கோடி ரூபாய் வரை இழப்பீடு கேட்டுப் போகவும் வழி இருக்கிறது. பலருக்கு அந்த வாசல் இருப்பதே தெரியாது.

உப்பளத்து மக்களுக்கு மழையோடு சண்டை போடத் தெரியும். மழைக்கு மேல் யார் மீதும் வழக்குப் போட முடியாது என்பதும் தெரியும். ஆனால் கடவுச்சொல் திருட்டு மழை அல்ல. அதைத் தடுக்கக் கூடியவர்கள் இருக்கிறார்கள், அந்தக் கடைகளால் லாபம் பார்க்கிறவர்கள் அவர்கள்தான். ஒவ்வொரு பொட்டலத்திலும் கமிஷன் எடுத்துக்கொள்கிறவர்கள், பொட்டலம் களவு போகும்போது மட்டும் "அது உன் பாடு" என்று ஒதுங்கிக்கொள்ளக் கூடாது.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது இந்த மண்ணின் வழக்கம். உப்பை விற்றுத் தருகிறோம் என்று வந்தவர்களும் அந்த வழக்கத்தைக் கற்றுக்கொள்ளட்டும்!